வீணை பாலசந்தர்: பல வாத்தியம் பழகியது லாபமா, நஷ்டமா?

தாளக்கட்டு:
போன வாரம் இங்கே ஒருவர் வீணை எஸ். பாலசந்தரை சகலகலா வல்லவர் என்று புகழ்ந்திருந்தார். எனக்கு அதில்தான் வருத்தம். ஏழு வயதில் 'சீதா கல்யாணம்' (1934) படத்தில் தலைகாட்டியவர். கஞ்சிரா, தபேலா, ஹார்மோனியம், சிதார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். அப்புறம் நடிப்பு, இயக்கம், சினிமா இசை. நடுவில் குரு என்று யாரும் இல்லாமலே வீணை. வாழ்ந்ததோ 63 வருஷம் (1927–1990). வீணையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பழையபடம்:
சேறு என்று எதைச் சொல்கிறீர்கள் சார், 'அந்த நாள்' படத்தையா? 1954-ல் வந்தது, அவருக்கு 27 வயது. ஏவிஎம் தயாரிப்பு, சிவாஜி கதாநாயகன், ஒரு பாட்டு கிடையாது! பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் தியேட்டருக்குப் போன காலம் அது. அப்படி ஒரு படத்தை எடுத்தவர் சங்கீதக்காரர். 'பொம்மை'யில் (1964) இயக்கம், இசை இரண்டுமே அவர்தான். யேசுதாஸ் பாடிய 'நீயும் பொம்மை நானும் பொம்மை' அதில்தான்.

தாளக்கட்டு:
நல்ல படம்தான், யார் இல்லை என்றார்? நான் கேட்பது வீணைக் கணக்கு.

நாலாம்தந்தி:
வீணைக் கணக்கை நான் சொல்கிறேன். இருபது வருஷமாக வாசிக்கிறேன், ஆனால் அவருடைய பக்தை இல்லை. சில இடங்களில் ரொம்பவே இழுப்பார், அலுத்துப்போகும்.

வீணையில் 24 மெட்டு, அதாவது தந்தியை அழுத்தும் கட்டைகள், மெழுகில் பதித்தவை. ஒரு மெட்டில் தந்தியை இழுத்து ஒன்றிரண்டு ஸ்வரம் மேலே போவது எல்லாரும் செய்வது. பாலசந்தர் ஒரே மெட்டில் நின்று, ஒரே மீட்டில், நாலைந்து ஸ்வரத்தை வரிசையாக எடுப்பார். நடுவில் மீட்டுச் சத்தம் குறுக்கிடாது. பாடகர் மூச்சு விடாமல் ஒரு பிடியைப் பாடி முடித்த மாதிரி இருக்கும். நானும் முயன்று பார்த்தேன். மூன்றாவது ஸ்வரத்திலேயே சுருதி விலகிவிட்டது, விரல் நுனியில் கோடு விழுந்தது, அரை மணியில் தந்தி இறங்கிப்போய் மறுபடி சுருதி சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? சிதாரில் 'மீண்ட்', அதாவது தந்தியை இழுத்து வாசிப்பது, பழகிய கை என்றுதான் எனக்குப் படுகிறது. முறையான குரு ஒருவர் இருந்திருந்தால் முதல் வாரமே கையைத் தட்டிவிட்டிருப்பார்.

எதிர்க்கட்சி:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அவர் நேரத்தைத் தின்றது சினிமா இல்லை, சண்டை. பாலமுரளிகிருஷ்ணா புது ராகம் படைத்தேன் என்றால் அதற்கு எதிர்ப்பு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பேரில் உள்ள கீர்த்தனைகள் அவருடையவையே இல்லை என்று இன்னொரு போராட்டம். பத்மபூஷண் (1982) கிடைத்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

பழையபடம்:
அந்தச் சண்டைகளுக்கு நடுவில்தான் 72 மேளகர்த்தா ராகங்களையும், அதாவது தாய் ராகங்கள் அத்தனையையும், 12 எல்பி இசைத்தட்டில் வாசித்து வெளியிட்டார், 1986-ல். சண்டை நேரத்தைத் தின்றிருந்தால் இது எப்படி நடந்தது?

தாளக்கட்டு:
கணக்குப் போடுங்கள். ஒரு தட்டுக்கு ஆறு ராகம், ஒரு பக்கத்துக்கு மூன்று. ராகத்துக்கு ஏழெட்டு நிமிஷம் தேறினால் அதிகம். இது ஆலாபனையா, அட்டவணையா?

நாலாம்தந்தி:
தோடி மாதிரி பெரிய ராகத்துக்கு ஏழெட்டு நிமிஷம் போதாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 72-ல் பாதிக்கு மேல் விவாதி மேளங்கள், ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் உள்ள ராகங்கள், இல்லையா? அதில் ஒன்றான கனகாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ச, ரி, க மூன்றும் அடுத்தடுத்த மெட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ப, த, நி அதே கதை. கை கொஞ்சம் அசைந்தாலும் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். அதில் எட்டு நிமிஷம் வாசித்து, கேட்கிறவர் ஒருவரை எழுந்து போகாமல் உட்கார வையுங்கள் பார்ப்போம். வாசியுங்கள், நான் கேட்கிறேன்.

தாளக்கட்டு:
நான் மிருதங்கம், மேடம்.