புதுப்பிப்பு: நிறவெறிக்கு எதிராகச் சமூகத் தலைவர்கள் சேர்ந்து போராடிய உதாரணம் கேட்டிருந்தேனே, பேசி முடித்தாச்சு

போன மாதம் இங்கே, வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பேச ஓர் உதாரணம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

மார்ட்டின் லூதர் கிங், மண்டேலா என்று பலர் சொன்னீர்கள், ஆனால் அவர்களைப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டுவிட்டார்கள். எடுபட்டது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புதான். 1963-இல் அந்த ஊர்ப் பேருந்து நிறுவனம் கறுப்பர், ஆசியர்களை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்காது. கை பெய்லி என்ற 18 வயது இளைஞரை நேர்முகத்துக்கு அழைத்துவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றார்கள். அங்கே குடியேறியிருந்த மேற்கிந்தியத் தீவு மக்களின் தலைவர்களான ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி முதலானோர் பால் ஸ்டீஃபன்சனைப் பேச்சாளராக வைத்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் இறங்கி வந்தது. கிங் வாஷிங்டனில் அந்தப் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியதும் அதே நாள்தான், அதனால் அவரையும் கடைசியில் நுழைத்துவிட்டேன்!

எதிர்பாராதது இரண்டு. தொழிற்சங்கமே அந்தத் தடைக்கு உடந்தை, ஊர்த் திருச்சபைகளின் மன்றமும் நிறுவனத்தை விட்டுவிட்டுப் போராடியவர்களைத்தான் கடிந்துகொண்டது. தலைவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டேன். அப்புறம், தடை நீங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங். அதைச் சொன்னதும்தான் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.