வாள் பிடித்த கை மெழுகுவர்த்தி பிடிக்க வந்தது ஏன்?

கேள்வி: கானாடுகாத்தான் வழிகாட்டி

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் இருக்கிறேன். சென்ற வாரம் வந்த பிரெஞ்சுத் தம்பதியர், பட்டாலைச் சுவரில் மாட்டியிருந்த ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடிகளைக் கண்டதும் வெர்செய்ல்ஸ் அரண்மனையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டனர். பதினான்காம் லூயி இரவில் படுக்கைக்குச் செல்லும் வேளையில், மெழுகுவர்த்தித் தண்டைப் பிடித்து நிற்கும் பேறு தமக்குக் கிடைக்காதா என்று பெரும் பிரபுக்கள் ஏங்கினார்களாம். அந்த மன்னர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அரசுக்கு எதிராகப் படை திரட்டியவர்களும் இதே பிரபுக்கள்தாம் என்று படித்திருக்கிறேன். ஒரே தலைமுறைக்குள் இவர்கள் இப்படி மாறியது எப்படி? 'வரம்பற்ற முடியாட்சி' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல், இதற்கு விளக்கமாக எனக்குப் படவில்லை.

பதில் 1: தேவகோட்டை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

நல்ல கேள்வி, அம்மா. நீங்கள் சொன்ன அந்தக் கிளர்ச்சியிலிருந்து, அதாவது 1648 முதல் 1653 வரை நடந்த ஃபிரோண்ட் கலகத்திலிருந்து தொடங்குவதே சரி. 1651 பிப்ரவரியில் ஓர் இரவு, மன்னர் நகரைவிட்டு ஓடிவிட்டாரோ என்று ஐயுற்ற பாரீஸ் மக்கள் அரண்மனைக்குள் நுழைந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவனான லூயி கட்டிலில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துச் சென்றனர். மன்னரின் நெருங்கிய உறவினரான கொந்தே இளவரசரே பின்னர் ஸ்பெயினோடு சேர்ந்துகொண்டு அவருக்கு எதிராகப் போரிட்டார். 1661இல் முதலமைச்சர் மசாரின் இறந்ததும், இனி முதலமைச்சர் என்று ஒருவர் தேவையில்லை, நானே ஆள்வேன் என்று லூயி அறிவித்ததை இந்த நினைவுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தம் தந்தையின் வேட்டை மாளிகை இருந்த வெர்செய்ல்ஸை விரிவாக்கி, 1682 மே மாதத்தில் அரசவையையே அங்கு மாற்றினார்.

இனி அந்த மெழுகுவர்த்தி. அவையில் பல்லாண்டு இருந்த செயின்ட் சைமன் கோமகன் தம் நினைவுக் குறிப்புகளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மன்னர் சுற்றியிருப்பவர்களை ஒருமுறை நோக்கி, ஒருவர் பெயரை உரக்கச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னே வந்து, மன்னர் உடை களையும் அந்தச் சிறிது நேரம் தண்டைப் பிடித்து நிற்பார், அவ்வளவுதான். அரசியின் முன்னிலையில் முதுகுசாயாத ஒரு சின்ன முக்காலியில் உட்காரும் உரிமை கோமகள்களுக்கு உண்டு. மற்றப் பெண்கள் நிற்க வேண்டும். சிவப்பு உள்துணி வைத்த நீலச் சட்டையை அணிவதற்குக்கூட மன்னரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அவைக்கு வராத பிரபுவுக்காக யாரேனும் பரிந்து பேசினால், "அவரை நான் பார்ப்பதே இல்லையே" என்று மன்னர் சொல்லிவிடுவார். அந்தக் கோரிக்கையின் கதை அதோடு முடிந்தது.

நம் பக்கத்துக் கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஊரே இரண்டுபட்டதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் நம்மிடம் அந்த மரியாதை வழக்கப்படி வருவது. தர்மகர்த்தா நினைத்தாலும் மாற்றிவிட முடியாது. லூயியின் தண்டோ ஒவ்வோர் இரவும் புதிதாகக் கொடுக்கப்பட்டது. நேற்றுப் பிடித்தவருக்கு இன்று எந்த உரிமையும் இல்லை. பிரபுக்களைக் கட்டிப்போட்டது இந்த நிச்சயமின்மைதான் என்பது என் கருத்து.

பதில் 2: பள்ளத்தூர், கணக்குத் தணிக்கையாளர்

ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். எதையும் பற்று வரவு பார்க்காமல் நம்பாத குடும்பம் எங்களுடையது. மெழுகுவர்த்திக்காக மட்டும் யாரும் ஊரைவிட்டு வந்து அரண்மனை மாடியில் இருட்டறையில் குடியிருக்கமாட்டார்கள். மன்னரின் கண்ணில் படுபவருக்குத்தான் ஆண்டு உதவித்தொகை, மகனுக்கு ஒரு படைப்பிரிவு, இளையவனுக்கு ஒரு மடத்தின் வருமானம் எல்லாம் கிடைத்தன. 'தாய்' (taille) என்னும் முக்கிய நேர்வரி பெரும்பாலும் பிரபுக்களைத் தொடவில்லை. அது உழவர் தலையில் விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. மன்னருக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர்கள் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை அவர்களுக்கு மறைவில் வட்டிக்குக் கொடுத்தவர்களில் பெரும் பிரபுக் குடும்பங்களும் இருந்ததை வரலாற்று ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் பினாமி முதலீடு. மன்னரின் வரி வசூல் நன்றாக நடந்தால் தமக்கும் வட்டி வரும் என்ற நிலையில் இருப்பவர் எதற்குக் கலகம் செய்வார்?

'வரம்பற்ற' என்ற சொல்லிலும் எனக்கு ஐயம் உண்டு. 1604 முதல் நீதிமன்றப் பதவியையும் வரித்துறைப் பதவியையும் விலைக்கு வாங்கியவர், ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டிவந்தால் அதைப் பிள்ளைக்கும் விட்டுச் செல்லலாம். தாம் விற்ற பதவியிலிருந்து ஒருவரை நீக்க வேண்டுமானால் மன்னர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பணமோ அவரிடம் இராது. போர்ச் செலவுக்குப் பணமில்லாமல் 1689இல் வெர்செய்ல்ஸின் வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் அவரே உருக்க அனுப்பினார். அதே காலத்தில் இங்கிலாந்தில், 1688 புரட்சிக்குப் பின், கடனுக்கு நாடாளுமன்றம் பொறுப்பேற்றது. 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கியது. கடன் கொடுப்பவன் எந்தக் கடையை நம்புவான் என்று நம் ஊரில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

பதில் 3: தேவகோட்டை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

பினாமிக் கணக்கை நான் விட்டுவிட்டது பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். லாங்டாக் போன்ற மாகாணங்களில் வசூலான வரியில் ஒரு பகுதி அங்குள்ள மேட்டுக்குடியினருக்கே திரும்பிச் சென்றது என்பதும் உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனாலும் வெர்செய்ல்ஸுக்கு வந்தவர்கள் பிரபுக்களில் மிகச் சிலரே என்பதை மறக்க வேண்டாம். கொந்தே 1659இல் மன்னிக்கப்பட்டு, மீண்டும் அதே மன்னரின் படைக்குத் தலைமை தாங்கினார். அவருக்குப் பணம் மட்டுமே பொருட்டாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் இழந்து மீட்டது தம் இடத்தை.

கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி: அங்கிருக்கும் கண்ணாடிகளும் பெல்ஜியத்திலிருந்து வந்தவையா?

பதில் 4: பள்ளத்தூர்

இல்லை. கண்ணாடி மண்டபத்தில் உள்ள 357 கண்ணாடிகளும் பிரான்சில் செய்யப்பட்டவை. அன்று நல்ல கண்ணாடி என்றால் வெனிஸ் கண்ணாடிதான். நிதி அமைச்சர் கோல்பேர் வெனிஸ் தொழிலாளர்களை ஆசைகாட்டி அழைத்து வந்து, 1665இல் பாரீஸில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கச் செய்தார். அரசர் பணம் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்ற கணக்குதான்.

கேள்வியாளர்

சனிக்கிழமை ஒரு குழு வருகிறது. மெழுகுவர்த்திக் கதையைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லப்போகிறேன். பினாமிக் கதையை முகப்பில், கணக்கப்பிள்ளையின் சாய்வு மேசைக்குப் பக்கத்தில்.