கோத்தகிரி ஏற்றத்தில் முழங்கால் வலி: சைக்கிளை மாற்றவா, கியரை மாற்றவா?

கேள்வி:
வணக்கம். சமதரையில் நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினால், பாதிக்கு மேல் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறது என்பது) 50-க்கும் கீழே போய்விடுகிறது. முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. எப்படியும் 3 மணி நேரம் ஆகிறது. என் எடை 76 கிலோ. அலுமினிய ரோடு பைக், ஒன்பதரை கிலோ. கியர் செட் ஷிமானோ 105, 11 ஸ்பீட் (பின்னால் 11 பல்சக்கரம்). பல்சக்கரங்கள் முன்னால் 52/36 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28). ஒன்றரை கிலோ குறைவான கார்பன் பைக் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில் 1:
தம்பி, இப்போதைக்குப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். தண்ணீர், கருவி எல்லாம் சேர்த்து நீங்கள் மேலே ஏற்றுவது 88 கிலோ. அதில் ஒன்றரை கிலோ இரண்டு சதவீதம்கூட இல்லை. மூன்று மணி நேர ஏற்றத்தில் மூன்று நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். முழங்கால் வலி அப்படியே இருக்கும்.

உங்கள் பிரச்சினை கியர். 33 கி.மீ.யில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏறுகிறீர்கள், சராசரி நாலரை சதவீதச் சரிவு. செங்குத்தான இடங்களில் வேகம் 9 கி.மீ.க்கு இறங்கும். முன்னால் 36 பல், பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்துக்குக் கேடன்ஸ் 55தான் வரும். 11-34 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டால் அதே வேகத்தில் 67 வரும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும். இதற்கு ஆகும் செலவு புது பைக்கின் விலையில் ஒரு சிறு துண்டு.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. வாங்குவதற்கு முன் பின் டீரெய்லரைப் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) பாருங்கள். 105 ஆர்7000-ல் எஸ்எஸ் (குட்டைக் கை) என்றால் 30 பல் வரைதான் தாங்கும், ஜிஎஸ் (அதைவிட நீளமான கை) என்றால் 34. செயினும் நீளமாக வேண்டியிருக்கும். செயினை முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் வைத்துப் பார்க்காமல் ஓட்டவே வேண்டாம். செயின் குட்டையாக இருந்தால் டீரெய்லரையே பிய்த்துவிடும்.

அப்புறம் சீட் உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. ஒரேயடியாக ஏற்றாமல் சில மில்லிமீட்டராக ஏற்றுங்கள். ஓய்வெடுக்கும்போதும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 3:
முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறும் அளவில் ஓட்டுங்கள். அடிவாரத்தில் அவசரப்படுபவர்கள்தான் மேலே கேடன்ஸ் இழக்கிறார்கள். வாழைப்பழமோ கடலை மிட்டாயோ பசிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுவது நல்லது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. டீரெய்லர் ஜிஎஸ்தான். சீட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், கால் இலகுவாக இருக்கிறது. எச்ஜி700, 11-34 கேசட்டும் புதுச் செயினும் போட்டாயிற்று. ஆனால் லாக்ரிங்கை (கேசட்டைப் பிடித்து நிறுத்தும் வளையம்) முழுவதும் இறுக்கிய பிறகும் கேசட் ஆடுகிறது. பெரிய பல்லில் கடகடவென்று சத்தமும் வருகிறது. கேசட்டே கோளாறா?

பதில் 2:
கேசட்டில் கோளாறு இல்லை. அந்த 11-34 பத்து ஸ்பீட் ஹப்பிலும் (சக்கரத்தின் நடுப்பகுதி) பொருந்தும்படி செய்தது. உங்களுடையது போன்ற 11 ஸ்பீட் ரோடு ஹப்பில் போடும்போது, உள்பக்கம் 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) ஒன்று வைக்க வேண்டும். பெட்டியில் பாருங்கள், இல்லாவிட்டால் கடையில் தனியாகக் கேளுங்கள். அதைப் போட்டு லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். ஆடும் கேசட்டோடு மலை ஏற வேண்டாம்.

அதன் பிறகும் சத்தம் இருந்தால், டீரெய்லரின் மேல் சக்கரம் 34 பல்லில் உரசுகிறது என்று அர்த்தம். டீரெய்லரின் பி-டென்ஷன் திருகைக் (மேல் சக்கரத்துக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் திருகு) கடிகாரத் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உரசல் நின்றதும் விட்டுவிடுங்கள். கேசட் இடம் மாறியதால் கியர் கேபிளையும் ஒருமுறை டியூன் செய்ய வேண்டியிருக்கும்.