பழைய மலையேற்றச் சாமான்களை எப்படி விற்பது? ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பாறை ஏறுவதை விட்டுவிட்டேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது ராமநகரா பாறைகளுக்கும், இரண்டு குளிர்காலம் குல்மார்க் பனிக்கும் போய்ச் சேர்த்த சாமான்கள் பரணில் கிடக்கின்றன. ஆசை இருந்தும் புதிதாக வாங்க முடியாத யாருக்காவது போய்ச் சேர வேண்டும்.

கயிறும், ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஹார்னஸ் பட்டையும் 2013-ல் வாங்கியவை. நைலான் சாமான்களைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஒருவர் உயிரையே தொங்கவிடும் பொருள், அதனால் அவற்றை விற்க மாட்டேன். ஹார்னஸை வெட்டிப் போட்டுவிடுவேன். கயிறு துணிக்கொடிக்கு வேண்டுமென்றால் சும்மா தருகிறேன்.

சந்தேகம் மற்றவற்றில்தான். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிகளான காரபைனர் 12 இருக்கின்றன. இரண்டில் கயிறு உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். மீதியை எந்த விலைக்குக் கொடுப்பது நியாயம்?

அப்புறம், பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன். பேட்டரியைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வதால் மற்ற கம்பெனிக் கருவிகளோடும் சேரும். ஆனால் இப்போதும் சரியாகச் சிக்னல் அனுப்புகிறதா என்று யாரிடம் சோதிப்பது? அது தெரியாமல் கைமாற்ற மனசு வரவில்லை.

பனி மலையில் ஏறவும் சறுக்கி இறங்கவும் காலில் மாட்டும் டூரிங் ஸ்கீ பலகை ஒரு ஜோடியும் உண்டு, 170 செ.மீ. நீளம். வாங்குபவர் மணாலி பக்கம்தான் கிடைப்பார். நம் ஊரில் ரயில் நிலையம் இல்லை. இவ்வளவு நீளப் பார்சலை ஓசூரிலிருந்தோ ஜோலார்பேட்டையிலிருந்தோ யாராவது அனுப்பியிருக்கிறீர்களா? எப்படிக் கட்டினீர்கள், எவ்வளவு ஆனது?