1,09,000 பேர் வருகிற கண்காட்சி செத்துப்போச்சாம்!

சிக்னல் சிவம்:
லிங்க்ட்இன்னில் ஒரு "டெலிகாம் ஆலோசகர்" எழுதியது காலையிலிருந்து எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. சாரம் இதுதான்: தொலைத்தொடர்புக் கண்காட்சிகள் செத்துவிட்டன. இனி ஆள் பிடிப்பதும் வியாபாரம் பேசுவதும் சமூக ஊடகத்தில்தான். பார்சிலோனாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் கம்பெனிக் காசில் சுற்றுலா போகிறவர்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பார்சிலோனாவில் வருஷாவருஷம் நடக்கும் தொலைத்தொடர்புக் கண்காட்சியான மொபைல் வேர்ல்ட் காங்கிரசுக்கு 2019-ல் வந்தவர்கள் 1,09,000 பேர். 2020-ல் கொரோனாவால் ரத்து. 2021-ல் சுமார் 20,000. அப்புறம் படிப்படியாக ஏறி 2025-ல் மறுபடியும் 1,09,000. செத்த பிணம் இப்படி எழுந்து நடக்குமா? அந்த ஆலோசகருக்குப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். தொழில் தெரியாது, அவ்வளவுதான்.

ஒளியிழை:
சிவம் அண்ணே, அவரை எனக்கும் பிடிக்காது. ஆனால் நீங்கள் கொடுத்த கணக்கையே பாருங்கள். 2019-ல் 1,09,000. 2025-ல் 1,09,000. நடுவில் 5ஜி உலகம் முழுக்கப் பரவியது, செயற்கை நுண்ணறிவு வந்தது, செயற்கைக்கோள் வழிக் கைபேசிச் சேவை வந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு ஆள்கூடக் கூடவில்லை. இதை வளர்ச்சி என்று கொண்டாடுகிறீர்கள். அதோடு இந்த எண்ணிக்கையைச் சொன்னது யார்? கண்காட்சியை நடத்துகிற ஜிஎஸ்எம்ஏ, அதாவது கைபேசிச் சேவைக் கம்பெனிகளின் சங்கம். அரங்கில் நிற்கும் விற்பனை ஆட்களையும் சேர்த்தா, சேர்க்காமலா?

சிக்னல் சிவம்:
வளர்ச்சி என்று நான் எங்கே சொன்னேன்? சாகவில்லை என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேச? 1,09,000 என்றால் 1,09,000.

பாக்கெட் பாண்டி:
அண்ணன் வந்துவிட்டார். இவர்தான் 2019-ல் பார்சிலோனா மேடையைப் பார்த்துவிட்டு "இனி அறுவை சிகிச்சை எல்லாம் 5ஜியில்தான்" என்று இங்கே எழுதியவர். அன்று நடந்தது என்ன? கண்காட்சி அரங்கில் இருந்த மருத்துவர், அதே ஊர் மருத்துவமனையில் கத்தி பிடித்திருந்த குழுவுக்கு வீடியோவில் யோசனை சொன்னார். கத்தி அரங்கில் இருந்த மருத்துவர் கையில் இல்லை. கண்காட்சி என்றாலே இதுதான்: பாதி உண்மை, மீதி விளக்கு வெளிச்சம்.

சிக்னல் சிவம்:
பாண்டி, பழைய கணக்கை இங்கே தீர்க்காதே. பேச்சு 1,09,000 பற்றி.

மீனா_மார்க்கெட்டிங்:
ஒரு நிமிஷம். நெட்வொர்க்கிங் என்று நாம் எதைச் சொல்கிறோம்? புது ஆளை அறிமுகம் செய்துகொள்வதா, பழைய வாடிக்கையாளரைத் தக்கவைப்பதா, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. அதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

ஒளியிழை:
அது இருக்கட்டும் மேடம். அரங்க ஊழியர்கள் அந்த 1,09,000-ல் உண்டா இல்லையா?

பாக்கெட் பாண்டி:
உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டால்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கைகுலுக்கிவிட்டு வருகிறார்கள்.

சிக்னல் சிவம்:
ஆதாரம் இருந்தால் போடு, இல்லாவிட்டால் சும்மா இரு. ஜிஎஸ்எம்ஏ எப்படி எண்ணியிருந்தாலும் 2019-லும் 2025-லும் எண்ணியவர்கள் அதே ஜிஎஸ்எம்ஏ ஆட்கள்தான். ஒப்பிட அது போதும்.

தலைக்கணக்கை விடுங்கள், வேறு ஒன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். 2020 தொடக்கத்திலிருந்து 2022 வரை, கைபேசி நெட்வொர்க்குக்கான நெறிமுறைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்கள் எல்லாம் இணையவழியில் நடந்தன. மின்னஞ்சல், வீடியோ, விடிய விடிய வாக்குவாதம். விளைவு? அந்த நெறிமுறையின் புதுப் பதிப்பான ரிலீஸ் 17 ஆறு மாதம் தள்ளிப்போய் 2022 மார்ச்சில்தான் முடிந்தது. நேரில் உட்கார்ந்தால் காபி இடைவேளையில் நாலு பேர் மூலையில் நின்று தீர்க்கிற விஷயம், திரைக்கு முன்னால் நாள்கணக்கில் இழுத்தது. ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்கப் போகிறார். அவர் எழுந்து பதில் போடும்போது இவர் இல்லை. உலகத்துக்கே தொடர்பு கொடுக்கிற தொழிலில் இருக்கிறவர்களாலேயே தொலைவில் இருந்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இந்த லட்சணத்தில் லிங்க்ட்இன் பதிவுக்கு இதயம் போட்டு வியாபாரம் பிடிப்பார்களாம்.

ஒளியிழை:
3ஜிபிபி கண்காட்சியா அண்ணே? அங்கே ஸ்டால் உண்டா? விளக்கு உண்டா? அது பொறியாளர்கள் நெறிமுறை எழுதுகிற கூட்டம். அது நேரில் நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதை வைத்துக் கண்காட்சிக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

சரி, உங்களுக்குப் பிடித்த தலைக்கணக்குக்கே வருகிறேன். ஜெர்மனியில் ஹானோவர் நகரில் நடந்த செபிட் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில், 2001 வாக்கில், 8 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2018-ல் சுமார் 1,20,000 பேர் வந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் "இனி நடத்தமாட்டோம்" என்று அறிவித்து மூடிவிட்டார்கள். உங்கள் 1,09,000-ஐ விட அதிகம் பேர் வந்த கண்காட்சி செத்தது. தலை எண்ணிக்கையை உயிருக்கு அடையாளமாகக் காட்டுவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

சிக்னல் சிவம்:
செபிட் கணினிக் கண்காட்சி. டெலிகாம் இல்லை. அடுத்தது.

ஒளியிழை:
நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் 1996-ல் எங்கே அறிமுகமானது? செபிட்டில். கணினிக் கண்காட்சியாம்.

சிக்னல் சிவம்:
ஒரு போன் அறிமுகமானால் அது டெலிகாம் கண்காட்சி ஆகிவிடுமா? சாம்சங் கேலக்ஸி எஸ்3 லண்டனில் அறிமுகமானது. லண்டன் டெலிகாம் கண்காட்சியா?

பாக்கெட் பாண்டி:
அண்ணனே கோல் போட்டுவிட்டார், தன் வலைக்குள்ளேயே. சாம்சங் எஸ்2, எஸ்5, எஸ்6, எஸ்7, எஸ்9 எல்லாம் பார்சிலோனாவில் அறிமுகமாயின. 2019-ல் எஸ்10-ஐ எடுத்துக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ போனார்கள், கண்காட்சிக்குச் சில நாள் முன்னால், தனி விழாவாக. அதிலிருந்து முதன்மை எஸ் வரிசை பார்சிலோனா பக்கம் திரும்பவில்லை. ஆப்பிள் எப்போதுமே அங்கே கடை விரித்ததில்லை. ஏன்? யூடியூப்பில் நேரலை போட்டால் உலகமே பார்க்கிறது. ஊடகம் கையில் இருக்கிறவனுக்கு மேடை வாடகைக்கு வேண்டாம்.

சிக்னல் சிவம்:
போன் விற்கிறவனுக்கு வாடிக்கையாளர் பொதுமக்கள். நேரலை போதும். ரேடியோ, கோர், டிரான்ஸ்மிஷன் என்று நெட்வொர்க் கருவிகள் விற்கிறவனுக்கு வாடிக்கையாளர் உலகம் முழுக்கச் சில நூறு ஆபரேட்டர்கள், அதாவது கைபேசிச் சேவை தரும் கம்பெனிகள். அவர்களில் முடிவெடுக்கிறவர்கள் எல்லாம் நாலு நாள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது வருஷத்தில் ஒருமுறைதான். அந்த ஆலோசகருக்கும் உனக்கும் இந்த வித்தியாசம்தான் புரியவில்லை.

பழைய மோடம்:
இதில் சிவம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சூப்பர்காம் ஞாபகம் வருகிறது. ஆபரேட்டர்களும் கருவி விற்கிறவர்களும் கூடிய அமெரிக்கக் கண்காட்சி. குளோபல்காம், நெக்ஸ்ட்காம் என்று பெயர் மாற்றி, மறுபடியும் பழைய பெயருக்கே வந்து, கடைசியில் காணாமல் போனது. பார்சிலோனாவின் அமெரிக்கக் கிளையும் லாஸ் வேகாஸில் 2023-ல் நடந்ததோடு சரி. எல்லாக் கண்காட்சியும் பிழைக்கவில்லை. ஒன்று மற்றதை விழுங்கிப் பெருத்திருக்கிறது.

ஒளியிழை:
அதேதான்! மீதி எல்லாம் செத்து அந்தக் கூட்டமும் ஒரே இடத்துக்கு வந்த பிறகும் அதே 1,09,000. அப்படியென்றால் மொத்தத்தில் குறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சிக்னல் சிவம்:
மோடம் ஐயா சொன்னதைத் திரிக்காதீர்கள்.

மீனா_மார்க்கெட்டிங்:
நான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை, பரவாயில்லை. ஸ்டாலில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முன்பு நான் இருந்த கம்பெனியில், வந்தவர்களின் பேட்ஜை எல்லாம் ஸ்கேன் செய்து பெரிய எக்செல் கோப்பாகக் கொடுப்போம். விற்பனைப் பிரிவு அதைத் திறந்துகூடப் பார்க்காது. மேலிடத்துக்கு மட்டும் "இத்தனை லீட்", அதாவது வாங்கக்கூடிய ஆட்கள், என்று ஸ்லைடு போகும். லிங்க்ட்இன்னிலும் இதே கதைதான், இணைப்புக் கோரிக்கையை ஏற்றவுடன் விற்பனைக் கடிதம் வந்து விழும். இரண்டு இடத்திலும் எண்ணுகிறார்கள். பேசுவதில்லை.

பாக்கெட் பாண்டி:
மீனா அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் கதையும் கேளுங்கள். நான் சைட்டில் டவர் ஏறுகிறவன். என்னை எந்தக் கம்பெனியும் பார்சிலோனாவுக்கு அனுப்பாது, அங்கே போகிறவர்கள் டவரை ஸ்டாலில் பொம்மையாகத்தான் பார்ப்பார்கள். டவரின் ஒரு பக்கத்து ஆன்டெனாவில் (செக்டர்) விஎஸ்டபிள்யூஆர் அலாரம், அதாவது அனுப்பும் சிக்னல் திரும்பி வருகிறது என்ற எச்சரிக்கை, போவதும் வருவதுமாக. ஆன்டெனாவை மாற்றச் சொல்லி வென்டர், அதாவது கருவி விற்கிற கம்பெனி தரப்பிலிருந்து உத்தரவு. டெலிகிராம் குழுவில் படத்தைப் போட்டேன். முகம் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ "ஆன்டெனாவுக்குப் போகிற ஜம்பர் கேபிளின் கனெக்டரைக் கழற்றிப் பார், தண்ணீர் இருக்கும்" என்றான். இருந்தது. இது நெட்வொர்க்கிங் இல்லாமல் வேறென்ன?

சிக்னல் சிவம்:
அது சந்தேகம் தீர்த்துக்கொள்வது, தம்பி. வியாபாரம் இல்லை. சந்தேகம் தீர்க்க 1,09,000 பேர் வரமாட்டார்கள்.

பாக்கெட் பாண்டி:
உங்களைப் போன்ற மேனேஜர்கள் செய்தால் நெட்வொர்க்கிங், நாங்கள் செய்தால் சந்தேகமா? நல்லா இருக்கு.

ஒளியிழை:
சமூக ஊடகத்துக்கு ஆதாரமே இல்லை என்பதுபோல் சிவம் அண்ணன் பேசுகிறார். 2022-ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. லிங்க்ட்இன் பரிந்துரைக்கும் அறிமுகங்களை மாற்றி மாற்றி, ஐந்து வருஷம், சுமார் 2 கோடிப் பேரிடம் சோதித்தார்கள். நெருங்கிய நண்பர்களைவிட, ஓரளவு தூரத்து அறிமுகங்களே புது வேலைக்கு அதிகம் உதவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அறிமுகங்களைத் தருவதில் லிங்க்ட்இன்னுக்கு இணை எது?

சிக்னல் சிவம்:
வேலை மாறுகிறவனுக்கு அது சரி. ரேடியோ நெட்வொர்க் ஒப்பந்தம் எந்தத் தூரத்து அறிமுகத்தில் முடிந்தது? ஒன்று சொல்லுங்கள்.

ஒளியிழை:
கண்காட்சியில் முடிந்தது எது, நீங்கள் ஒன்று சொல்லுங்கள். ஏடி&டி என்ற அமெரிக்க ஆபரேட்டர், நெட்வொர்க் கருவி விற்கும் எரிக்சனுக்குக் கொடுத்த ஒப்பந்தம், ஐந்து வருஷத்தில் 1,400 கோடி டாலர் வரை. அறிவித்தது 2023 டிசம்பரில். பார்சிலோனா விழா நடப்பது பிப்ரவரி கடைசியில், இல்லாவிட்டால் மார்ச் தொடக்கத்தில்.

சிக்னல் சிவம்:
அறிவிப்பு டிசம்பரில். பேச்சு எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா?

ஒளியிழை:
உங்களுக்குத் தெரியுமா?

பாக்கெட் பாண்டி:
அது ஓப்பன் ரான், அதாவது பல கம்பெனிக் கருவிகளைக் கலந்து பொருத்தக்கூடிய திறந்த நெட்வொர்க் ஒப்பந்தம் வேறு! திறந்த நெட்வொர்க் வந்தால் பெரிய வென்டர்களின் காலம் முடிந்தது என்று 2020-ல் முழங்கியவர் யார்? நம் மோடம் ஐயா. கடைசியில் திறந்த கதவு வழியாக எரிக்சன் நுழைந்து நோக்கியாவைத்தான் வெளியே தள்ளியது.

பழைய மோடம்:
நான் சொன்னது நீண்ட காலப் போக்கு. ஒரு ஒப்பந்தத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஓப்பன் ரானை முன்னெடுக்கும் ஓ-ரான் கூட்டணி தொடங்கியதே 2018-ல்தான். அதோடு, இங்கே பேச்சு கண்காட்சி பற்றி. என்னை ஏன் இழுக்கிறாய்?

சிக்னல் சிவம்:
பாண்டிக்கு ஆளை இழுக்காமல் எழுத வராது. நான் மறுபடி தலைப்புக்கே வருகிறேன், நீங்கள் எல்லோரும் வேண்டுமென்றே ஒதுங்கிப்போகிறீர்கள். 2020-ல் என்ன நடந்தது? எல்ஜி விலகியது, எரிக்சன் விலகியது, சோனி, அமேசான், இன்டெல், நோக்கியா என்று வரிசையாக விலகி, பிப்ரவரி 12 அன்று விழாவையே ரத்து செய்தார்கள். அந்த ஆலோசகர் போன்றவர்கள் அன்றைக்கே இரங்கல் எழுதிவிட்டார்கள். வெபினார் போதும் என்றார்கள், மெய்நிகர் அரங்கு போதும் என்றார்கள், மெட்டாவெர்சில் கைகுலுக்கலாம் என்றார்கள். அந்த மெய்நிகர் அரங்குகள் எல்லாம் இப்போது எங்கே? விலகிப்போன கம்பெனிகளில் பெரும்பாலானவை திரும்பி வந்து பழையபடி ஸ்டால் போட்டு நிற்கின்றன. இரண்டு வழியையும் சோதித்துப் பார்த்த பிறகு, தங்கள் காசைச் செலவழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1,09,000.

ஒளியிழை:
2021 விழாவில் எலான் மஸ்க் ஸ்டார்லிங்க் பற்றிப் பேசினாரே, நேரில் வந்தா? வீடியோவில். கூட்டம் பார்க்கவில்லையா? 2014-ல் ஜுக்கர்பெர்க் நேரில் வந்தார், வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த சில நாளில். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வரப்போகிறது என்பதை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யான் கூம் அறிவித்ததும் அதே பார்சிலோனாவில்தான். குறுஞ்செய்தி வருமானத்தை ஏற்கெனவே தின்றவர்கள், அடுத்து உங்கள் குரல் வருமானத்தையும் தின்னப்போகிறோம் என்று உங்கள் வீட்டுக் கூடத்திலேயே சொன்னார்கள். ஆபரேட்டர்கள் கைதட்டினார்கள். இதுதான் உங்கள் கண்காட்சியின் வியாபாரப் புத்தி.

சிக்னல் சிவம்:
நேரில் வந்ததால்தான் பத்து வருஷம் கழித்தும் உங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறது! ஏதாவது ஒரு வெபினாரில் யார் பேசியது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஒளியிழை:
மஸ்க் என்று மேலேதான் சொன்னேன்.

சிக்னல் சிவம்:
அதுவும் கண்காட்சி மேடைதான்.

மீனா_மார்க்கெட்டிங்:
எனக்குப் போதும். நான் கிளம்புகிறேன். யாராவது முதல் கேள்விக்குப் பதில் எழுதினால் கூப்பிடுங்கள்.

ஒளியிழை:
அரங்க ஊழியர்கள் கணக்கு இன்னும் வரவில்லை அண்ணே.

சிக்னல் சிவம்:
செபிட் கணினிக் கண்காட்சி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

பழைய மோடம்:
பாண்டி, ஓப்பன் ரான் பற்றித் தனித் திரி தொடங்குகிறேன். தைரியம் இருந்தால் அங்கே வா.

பாக்கெட் பாண்டி:
வருகிறேன் ஐயா. 2020 ஸ்கிரீன்ஷாட் பத்திரமாக இருக்கிறது.