பழைய திங்க்பேட் டி480, மெல்லிய 11ஆம் தலைமுறை லேப்டாப்: இரண்டில் எதை எடுப்பது?

வேலிப்பருத்தி:

வணக்கம். தங்கை கல்லூரியில் கணினி அறிவியல் சேர்கிறாள். அவளுக்காக செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு கிடைக்கின்றன, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது லெனோவோ திங்க்பேட் டி480, கோர் ஐ5-8350யு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து மொத்தமாக வெளியே வந்த சரக்கு என்கிறார் விற்பவர். இரண்டாவது வீட்டு உபயோகத்துக்கான மெல்லிய மாடல், ஐ5-1135ஜி7, இதிலும் 8 ஜிபிதான், ஆனால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, தனி ஸ்லாட் கிடையாது. பார்க்க இது புதுசு மாதிரியே இருக்கிறது, எடையும் குறைவு. டி480 மூலைகளெல்லாம் தேய்ந்திருக்கிறது.

நிரல் எழுதுவது, வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுவது, பாட வீடியோ பார்ப்பது, இவ்வளவுதான் அவளுக்கு வேலை. நாலு வருடம் ஓட வேண்டும், நடுவில் இன்னொன்று வாங்க வழியில்லை. தலைமுறை எண் பெரிதாக இருப்பதை எடுப்பதுதான் சரியா? விற்பவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் எதையெல்லாம் பார்ப்பது?

திருப்புளி:

நாலு வருடம், நடுவில் மாற்ற முடியாது என்கிறீர்கள். அப்படியானால் டி480. காரணம் வேகம் இல்லை, உங்கள் இரண்டாவது லேப்டாப்பின் ப்ராசஸர் இதைவிட வேகமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் 8 ஜிபி என்றைக்கும் 8 ஜிபிதான். ஒரு வர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஜிபி ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் பிரவுசரும் எடிட்டரும் திறந்தால் மீதி இருப்பது எதற்கும் போதாது, எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டே கிடக்கும். டி480இல் இரண்டு ஸ்லாட் உண்டு, டிடிஆர்4 சோடிம் எனும் லேப்டாப் ரேம் குச்சிக்கானவை, 32 ஜிபி வரை லெனோவோவே சொல்கிறது. இப்போது உள்ளே ஒரே 8 ஜிபி குச்சி இருந்தால் இன்னொரு 8 சேர்த்தாலே போதும், டூயல் சேனலும் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) கிடைத்துவிடும், உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்கு அது நன்றாகவே உதவும். 2666, 3200 என்று வேகம் எழுதிய குச்சி போட்டாலும் அது 2400இல்தான் ஓடும், அதனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்றை கவனியுங்கள், பெயரில் ஒரு எழுத்து மாறினாலே கதை மாறும். டி480எஸ் என்றால் பாதி ரேம் போர்டோடு பற்றவைத்தது, ஒரே ஒரு ஸ்லாட். எக்ஸ்1 கார்பன் என்றால் ஸ்லாட்டே இல்லை. டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 இரண்டும் டி480இன் அதே காலத்தவை, இரண்டிலும் இரண்டு ஸ்லாட் உண்டு, அவை கிடைத்தாலும் யோசிக்காமல் பார்க்கலாம். ஆனால் யாராவது டி470ஐ மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம். 7ஆம் தலைமுறை யு வரிசை ஐ5 எல்லாம் இரண்டு கோர், 8ஆவதில்தான் அது நான்கு கோர் ஆனது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, ஆக இந்த எல்லைக்கோடு உங்களுக்கு முக்கியம்.

இனி அந்த ஒரு மணி நேரம். எல்லாரும் கீறலைத்தான் முதலில் பார்ப்பார்கள், நீங்கள் முதலில் பூட்டைப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து வந்த லேப்டாப்பில் மூன்று விதமான பூட்டு இருக்கலாம். ஒன்று பயாஸ் சூப்பர்வைசர் கடவுச்சொல், பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பகுதி. ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி உள்ளே போங்கள், கடவுச்சொல் கேட்டால் விற்பவர் அங்கேயே உங்கள் கண்முன் அதை நீக்கித் தர வேண்டும். சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், திங்க்பேடில் போகாது, கடவுச்சொல் தெரியாவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். இரண்டாவது, அதே பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் (லேப்டாப்பைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி) என்று ஒரு வரி இருக்கும், அது இயங்கும் நிலையில் இருந்தால் பழைய முதலாளியின் கணக்கில் இந்த இயந்திரம் இன்னும் இருக்கக்கூடும் என்று அர்த்தம். மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது, விண்டோஸ் ஆட்டோபைலட், அதாவது லேப்டாப்பை இணையம் வழியாக ஒரு நிறுவனத்தோடு பிணைத்து வைக்கும் பதிவு. டெஸ்க்டாப் நன்றாகவே வரும், எல்லாம் ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து விண்டோஸை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்த பிறகுதான் ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் கேட்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விற்பவர் முன்னிலையிலேயே ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, தொடக்க அமைப்பை ஓடவிட்டுப் பார்ப்பது. ஒரு மணி நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

கருங்குருவி:

திருப்புளி சொன்ன பூட்டு விஷயம் முழுக்கச் சரி. ஆனால் டி480 என்று ஒரேயடியாக முடிவு கட்டுவதற்கு முன் திரையைப் பாருங்கள் என்பேன், ஏனென்றால் படிக்கிற பிள்ளை நாளெல்லாம் பார்க்கப்போவது அதைத்தான். டி480 மூன்று வகைத் திரையோடு வந்தது. அதில் 1366 x 768 டிஎன் பேனல் (மலிவான திரை வகை) ஒன்று உண்டு, கோணம் கொஞ்சம் மாறினாலே நிறம் வெளுத்துவிடும், நிரல் எழுதும்போது பக்கத்துக்கு வரிகளும் குறைவாகவே தெரியும். மொத்தச் சரக்கில் இது கலந்துதான் வரும். 1920 x 1080 ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் நிறம் வெளுக்காத வகை) என்றால் மட்டும் எடுங்கள். முழு வெள்ளைப் பக்கம், முழுக் கறுப்புப் பக்கம் இரண்டையும் திறந்து வைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், அழுத்தம் பட்ட வெண்புள்ளிகள் அப்போதுதான் தெரியும். மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது திரை மினுங்கினால் கீலுக்குள் ஓடும் கேபிள் நைந்திருக்கிறது.

11ஆம் தலைமுறைக்கு ஒரு நியாயமான காரணமும் சொல்கிறேன். அதில் ஏவி1 எனும் புதிய சுருக்க முறையில் வரும் இணைய வீடியோவை அதற்கென்றே உள்ள வன்பொருளே பிரித்துக் காட்டும், 8ஆம் தலைமுறையில் அது ப்ராசஸரின் தலையில் விழும். வீடியோ பாடம் நிறையப் பார்ப்பவருக்குப் பேட்டரியில் அது தெரியும். அதே மெல்லிய மாடல் 16 ஜிபியோடு கிடைத்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன், தேய்ந்த மூலைக்காக இல்லை, எடைக்காக. தினமும் தோளில் சுமந்து போகப்போவது அவள்தானே. 8 ஜிபி என்பதால் மட்டும் நானும் டி480 பக்கமே நிற்கிறேன்.

விசைப்பலகையில் ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள், இரண்டு யுஎஸ்பி-சி துளையிலும் சார்ஜரை மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள். டி480க்கு தனி சார்ஜர் துளை கிடையாது, அந்த இரண்டு யுஎஸ்பி-சி வழியாகத்தான் மின்சாரம், அவை போர்டில் பற்றவைத்தவை. அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு வருகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம்.

வேலிப்பருத்தி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. போய்ப் பார்த்தேன். பயாஸில் கடவுச்சொல் இல்லை, அப்சொல்யூட் முடக்கிய நிலையில் இருக்கிறது, ரீசெட் செய்து வைஃபையில் இணைத்தபோது எந்த நிறுவனப் பெயரும் வரவில்லை. திரை 1080, ஐபிஎஸ், ஒரு ஓரத்தில் மட்டும் சின்ன வெண்புள்ளி. இரண்டு துளையும் உறுதியாக இருக்கின்றன. டிஸ்க்கைச் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் 91 சதவீதம் காட்டியது. பேட்டரிதான் யோசிக்க வைக்கிறது. விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் எடுத்ததில் இரண்டு பேட்டரி காட்டுகிறது: உள்ளே இருப்பது 24 வாட்-மணியில் இப்போது 18, பின்னால் கழற்றக்கூடியது 24இல் வெறும் 9. இதை எடுக்கலாமா? எடுத்தால் ரேம், பேட்டரி, எஸ்எஸ்டி மூன்றில் எதற்கு முதலில் செலவழிப்பது?

அலைவரிசை:

எடுக்கலாம். பேட்டரியைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அந்த ரிப்போர்ட்டை அப்படியே முன்னால் வையுங்கள், எண் பேசும்போது யாரும் மறுக்க முடியாது. பின் பேட்டரி அதிகம் தேய்ந்திருப்பது இந்த மாடலில் இயல்பு, முதலில் பின்னதைக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளதற்குப் போகும். நல்லது என்னவென்றால் தேய்ந்தது எளிதாக மாற்றக்கூடியதுதான், ஒரு திருப்புளிகூட வேண்டாம், இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். உள் பேட்டரி வேலை செய்வதால் லேப்டாப்பை அணைக்காமலே மாற்றலாம்.

பின் பேட்டரி 24, 48, 72 என்று மூன்று அளவில் உண்டு. இப்போது உங்களிடம் மொத்தம் 27 வாட்-மணி, லேசான வேலைக்கு 7, 8 வாட் இழுக்கும் என்று வைத்தால் நாலு மணி நேரம்கூட வராது. 72 போட்டால் அது 90 ஆகும், ஒரு முழு நாள் வகுப்பையே தாங்கும், ஆனால் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், எடையும் கூடும். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பேட்டரியில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். மாட்டியதும் அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து முழுச் சார்ஜ் அளவையும் சுழற்சி எண்ணையும் (இதுவரை எத்தனை முறை சார்ஜ் ஆகித் தீர்ந்தது என்பது) பாருங்கள், பொருந்தாவிட்டால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத பேட்டரியைச் சில திங்க்பேட்கள் சார்ஜ் செய்யவே மறுக்கும், அதையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வரிசை என்று கேட்டால் ரேம் முதலில், பின் பேட்டரி அடுத்து. எஸ்எஸ்டி 91 சதவீதத்தில் இருக்கும்போது அதை ஏன் மாற்ற வேண்டும்? 256 நிறைந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் வாங்குவதற்கு முன் அடி மூடியைத் திறந்து உள்ளே எது இருக்கிறது என்று பாருங்கள். இந்த மாடல் சிலவற்றில் 2.5 அங்குல சாட்டா டிரைவ் இருக்கும், சிலவற்றில் அதே இடத்தில் ஒரு தட்டு வைத்து எம்.2 என்விஎம்இ (குச்சி வடிவ வேகமான எஸ்எஸ்டி) பொருத்தியிருப்பார்கள், இரண்டுக்கும் கேபிள் வேறு. என்விஎம்இ என்றாலும் தரவு போக இரண்டு பாதைதான் கிடைக்கும், அதனால் உச்ச வேகம் எழுதிய விலை உயர்ந்த எஸ்எஸ்டி இதற்கு வீண்.

வேறு எதையும் செய்வதற்கு முன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை, அதாவது யுஎஸ்பி-சி துளையை இயக்கும் சிப்புக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். அந்தக் காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் பழைய ஃபர்ம்வேர் யுஎஸ்பி-சி துளையையே செயலிழக்கச் செய்யும் ஒரு கோளாறு இருந்தது, லெனோவோ 2019இல் அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. சார்ஜ் ஏறுவதே அந்தத் துளை வழியாக என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலிப்பருத்தி:

பேசி விலை குறைத்து எடுத்துவிட்டேன்! ரேம் மாற்றும்போது ப்ராசஸர் மேல் வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்டும் மாற்றிவிடட்டுமா? அப்புறம் தினசரி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

திருப்புளி:

நல்ல இயந்திரம் அமைந்தது, சந்தோஷம்.

மூடியைத் திறக்கும் முன் பின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் தேர்வு இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். ரேம் ஸ்லாட்டுக்குள் மின்சாரம் இருக்கும்போது கை வைக்கக் கூடாது. மூடியை நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ சுற்றிலும் விடுவியுங்கள், இரும்பு நுனி வேண்டாம், கொக்கிகள் ஒடிந்தால் மூடி சரியாக உட்காராது. ரேமைப் பொருத்தியபின் அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் குச்சியை மாற்றுங்கள்.

பேஸ்டைப் பொறுத்தவரை முதலில் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே விசிறி சுற்றிக்கொண்டு, கொஞ்சம் வேலை கொடுத்ததும் 95 டிகிரியைத் தாண்டி வேகம் விழுந்தால் மாற்றலாம், பழையதை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லியதாகப் போடுங்கள். இல்லையென்றால் தூசியை மட்டும் ஊதினால் போதும், அதுவும் விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு. காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

தங்கைக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. மெத்தையில், போர்வையில் வைத்து ஓட்ட வேண்டாம், அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும். விடுதி அறையில் பெரும்பாலும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் லெனோவோ வான்டேஜ் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லி வையுங்கள், லினக்ஸ் போட்டால் டிஎல்பி எனும் நிரல் அதே வேலையைச் செய்யும். முழுச் சார்ஜிலேயே சூட்டோடு கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கொல்லும். டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ அடி மூடி உப்பினாலோ உள் பேட்டரி வீங்கியிருக்கிறது, அன்றைக்கே பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். குத்துவது, அழுத்தி மூடுவது எதுவும் கூடாது.

அலைவரிசை சொன்ன ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கு முன் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகியிருக்கலாம், பயாஸ் மாறியதும் மீட்பு எண் கேட்டு நிற்கும். அந்த 48 இலக்க எண் அவளுடைய கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தாள் லேப்டாப் பைக்குள் இருக்கக் கூடாது. அப்புறம் அந்தக் குறியாக்கத்தை, அதாவது பிட்லாக்கரை, தற்காலிகமாக நிறுத்திவிட்டு, சார்ஜரில் போட்டுவிட்டு, ஃபர்ம்வேரைத் தொடங்குங்கள்.