விண்ணோடம் மீண்டும் மீண்டும் பறந்தும் செலவு ஏன் குறையவில்லை?

கேள்வி: இளவேனில்

அமெரிக்காவின் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) 1981 முதல் 2011 வரை 135 முறை ஏவப்பட்டது. சென்ற கலமே ஓடுதளத்தில் இறங்கி மறுபடியும் பறக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை நோக்கம். அப்படியிருந்தும் பயணச் செலவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ஏவூர்தியிலோ கீழடுக்கு மட்டுமே தரையிறங்கி மீண்டும் பறக்கிறது; செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லும் மேலடுக்கு திரும்பி வருவதே இல்லை. சுற்றுப்பாதை வரை சென்ற கலத்தையே மீட்ட விண்ணோடத்தைவிட இது சிக்கனமாக அமைந்தது எவ்வாறு? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வானவன்

முதலில் வேகத்தைக் கவனியுங்கள். ஃபால்கன் 9 கீழடுக்கு பிரியும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர்; தாழ்வான பாதையில் பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் நொடிக்கு 7.8 கிலோமீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 15 மடங்கு ஆற்றலை இழந்தாக வேண்டும். கீழடுக்கு மூன்று எந்திரங்களை இயக்கி வேகத்தைத் தணித்துக்கொண்டு அடர்ந்த காற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. விண்ணோடமோ அந்த ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றில் உரசியே வெப்பமாக்கிக் கழிக்க வேண்டியிருந்தது. ஃபால்கன் 9இன் பத்து எந்திரங்களில் ஒன்பது கீழடுக்கில்தான் உள்ளன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதை மட்டும் மீட்டதே புத்திசாலித்தனம் என்பேன்.

பதில்: தேன்மொழி

வானவன் சொன்ன வெப்பம்தான் விண்ணோடத்தின் பராமரிப்பைத் தின்றது. அதன் அலுமினிய உடல் 175 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் தாங்காது என்பதால், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலிக்கா ஓடுகளால் அதைப் போர்த்தியிருந்தார்கள். அந்த ஓட்டில் பெரும்பகுதி வெற்றிடமே. உலையிலிருந்து எடுத்த சில நொடிகளில், உள்ளே செந்தணலாக ஒளிரும்போதே அதன் விளிம்புகளை வெறுங்கையால் பிடிக்கலாம். ஆனால் அது எளிதில் நொறுங்கக்கூடியது. அலுமினியம் விரிந்து சுருங்கும்போது ஓடு விரிசல் காணாதிருக்க, இடையில் மெத்தென்ற துணிப்பட்டையை வைத்து ஒட்டினார்கள். பெரும்பாலான ஓடுகள் தத்தம் இடத்துக்கென்றே தனித்தனி வடிவில் செதுக்கப்பட்டவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. நீர் புகாமல் காக்கும் வேதிப்பொருள் ஒவ்வொரு பயணத்திலும் எரிந்துபோனதால், தரையிறங்கியதும் ஊசியால் அதை மறுபடியும் செலுத்த வேண்டியிருந்தது. முதன்மை எந்திரங்களைக் கழற்றிச் சோதிப்பதும், ஏவும்போது பக்கவாட்டில் இருந்து உந்திவிட்டுக் கழன்று கடலில் விழுந்த திண்ம எரிபொருள் ஏவிகளை மீட்டுப் புதுப்பிப்பதும் தனி வேலை.

பதில்: நெடுஞ்செழியன்

கீழடுக்கைத் தரையிறக்குவதும் எளிதன்று. எரிபொருள் ஏறத்தாழத் தீர்ந்த நிலையில் அதன் எடை மிகவும் குறைந்துவிடுகிறது. ஒரே எந்திரத்தை மிகக் குறைந்த உந்துவிசையில் இயக்கினாலும் அந்த விசை எடையைவிட அதிகம். ஆகவே அந்தரத்தில் நின்று நிதானிக்க வழியே இல்லை. உயரமும் வேகமும் ஒரே கணத்தில் சுழியத்தை எட்ட வேண்டும்: சற்று முன்னதாக மூட்டினால் மீண்டும் மேலெழும், தாமதித்தால் மோதும். 2015 டிசம்பரில் இது முதன்முறையாகக் கைகூடியது. மீட்கப்பட்ட கீழடுக்கு ஒன்று 2017 மார்ச்சில் மறுபடியும் பறந்தது. பிறகு ஒரே கீழடுக்கு இருபது முறைக்கு மேல் பறந்துவிட்டது. திரும்புவதற்கான எரிபொருளையும் தரையிறங்கும் கால்களையும் சுமப்பதால் செயற்கைக்கோளுக்கான எடை குறையத்தான் செய்கிறது. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

பதில்: பூங்குழலி

விண்ணோடத்தைத் தோல்வி என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. ஏழு பேரையும் கனத்த சரக்கையும் ஒன்றாக ஏற்றிச் சென்று, 1993இல் ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளியிலேயே பழுதுபார்க்க உதவிய கலம் அது. செலவைத் தீர்மானித்தது பயணங்களின் எண்ணிக்கை. ஆண்டுக்குப் பல பத்துப் பயணங்கள் நடக்கும் என்று கணக்கிட்டார்கள். அதிகபட்சமாக 1985இல் நடந்தவை ஒன்பதுதான். ஏவுதளமும் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் ஆண்டு முழுவதும் இருந்தாக வேண்டும் என்பதால், அந்த நிலைச்செலவு முழுவதும் அந்தச் சில பயணங்களின் தலையிலேயே விழுந்தது. ஸ்பேஸ்எக்ஸின் புதிய பெரிய ஏவூர்தியான ஸ்டார்ஷிப்பின் மேலடுக்கும் சுற்றுப்பாதை வேகத்திலிருந்து திரும்புவதற்காகவே வடிவமைக்கப்படுவதால் அதற்கும் ஓடுகள் தேவைப்படுகின்றன. அவற்றில் மிகுதியானவை ஒரே அளவிலான அறுகோணங்கள். அடுத்தடுத்த பயணங்களுக்கு இடையே அந்த ஓடுகளுக்கு எவ்வளவு கைவேலை பிடிக்கிறது என்பதைத்தான் நான் உன்னிப்பாகக் கவனித்து வருகிறேன்.